உலகம்மாள் ஏறிய அலை

உலகம்மாள் அலைமேல் ஏறி அன்றோடு மூன்று நாள். இன்னும் இறங்கவில்லை.

கரையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தாள். இரண்டு ஆள் உயர அலை உடையாமல் அப்படியே நின்றது. உச்சியில் சர்ஃபிங் பலகை. பலகைமேல் பச்சைச் சுடிதாரில், முழங்காலை மடக்கி அவள். வேளாவேளைக்குப் படகில் இட்லி போயிற்று.

அவள் கணவர் சிவனணைந்தபெருமாளுக்குக் கோவில்பட்டியில் உரக்கடை. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆயிற்றென்று மகள்தான் இந்தக் கடலோர ஊரில் அறை போட்டுக் கொடுத்திருந்தாள். "ஒரே ஒரு தடவைங்க" என்று சொல்லித்தான் உலகம்மாள் பலகையில் ஏறினாள்.

"எல்லாரும் அஞ்சு செகண்டுல விழுந்துருவாங்க சார்," என்றார் சர்ஃபிங் சொல்லித்தரும் அடைக்கலம். "அம்மா விழல. அதுதான் பிரச்சனை."

பெருமாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார். "ஏ உலகு! முழங்கால் வலிக்கா?"

"வலிக்காம? எவ்வளவு நேரந்தான் இப்படியே நிக்கது? சீக்கிரம் எதாவது பண்ணுங்க. விழுந்தா எனக்கு நீச்சலும் தெரியாது."

அலையை உடைக்க அலை அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அது பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் நடக்க நடக்கத் தள்ளிப் போயிற்று. ஓடினார். அதுவும் ஓடியது. கடுப்பாகி வந்த வழியே திரும்பினார். எதிரே அலுவலக வாசல்.

உள்ளே திலகவதி என்ற அதிகாரி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அலை உங்களுதா?"

"இல்ல. மேல நிக்கிறது என் மனைவி."

"மனைவியைப் பத்தி மனைவிகிட்ட பேசுங்க. இங்க அலையைப் பத்தி மட்டும்தான்."

"அந்த அலையைத்தான் உடைக்கணும் மேடம்."

திலகவதி பெரிய நோட்டு ஒன்றைப் புரட்டினார். "இது இந்த ஊர் அலையே இல்ல. பாறையடிக் கடற்கரையில கிளம்பினது. அங்க கையெழுத்து வாங்கிட்டு, கல்லுமேட்டுக் கடற்கரையில சீல் வச்சு எடுத்துட்டு வாங்க."

ஆட்டோவில் பாறையடிக்குப் போனார். அங்கே கடல் இல்லை. ஈர மணல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. ஓரத்தில் ஒரு பெண் வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கடல் எங்கம்மா?"

"வெளிய போயிருக்கு."

"எப்ப வரும்?"

"என்கிட்ட சொல்லிட்டா போகுது?"

இரண்டு மணி நேரம் நின்றார். கழுத்து வெயிலில் எரிந்தது. கடைசியில் கடல் சாவகாசமாக வந்தது. அவர் கையிலிருந்த மனுவை முழுக்க நனைத்தது. எழுதியதெல்லாம் அழிந்துபோயிற்று.

"போட்டாச்சு, கிளம்புங்க," என்றாள் அந்தப் பெண்.

கல்லுமேட்டுக் கடற்கரை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போய் மணியடித்தார். லுங்கி கட்டிய ஒருவர் கதவைத் திறந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"கடற்கரையை."

"குளிச்சிட்டிருக்கு. செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை. மூன்று நாளாக மடங்கியிருக்கும் முழங்காலை நினைத்தார். எழுந்து போய்க் கதவைத் தட்டினார். "யாரா இருந்தாலும் சரி, எனக்கு இப்பவே சீல் வேணும்!" கதவிடுக்கு வழியாக ஒரு நண்டு வந்தது. தாளின்மேல் குறுக்காக நடந்துவிட்டு உள்ளே போயிற்று.

"உங்களுக்குப் பரவாயில்ல," என்றார் லுங்கிக்காரர். "நான் ஏழு வருஷமா உக்காந்திருக்கேன்."

திலகவதி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. உடைச்சிரலாம். ஆனா அம்மா மேல இருக்கும்போது உடைக்க முடியாது."

"அப்ப அவளை இறக்கிட்டு உடைங்க!"

"அலையைக் காலியா விடக் கூடாது."

பெருமாள் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "என்னதாம்மா பண்ணச் சொல்லுதீங்க?"

"நீங்க இருக்கீங்கல்ல?"

அவருக்கும் நீச்சல் தெரியாது. அரை நிமிஷம் திலகவதியை முறைத்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து அந்த மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அலையின் பின்பக்கம் படி இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. உச்சியில் காற்று பலமாக அடித்தது. உலகம்மாள் அவர் தோளைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"கீழ பாக்காதீங்க. வலது காலைப் பின்னால வைங்க. அதில்ல, இன்னொரு காலு."

"எனக்குத் தெரியும். நீ இறங்கு."

அவள் இறங்கினாள். நேராக டீக்கடைக்குப் போனாள். இரண்டு டீ வாங்குவது அவருக்குத் தெரிந்தது. இரண்டையும் குடித்தாள். நொண்டிக்கொண்டே கரைக்கு வந்தாள்.

"உங்க டீ ஆறிரும்னு நானே குடிச்சிட்டேன்!"

"சரி! உடைக்கச் சொல்லு!"

"அந்தம்மா சாப்பிடப் போயிருக்காங்களாம்!"

"எப்ப வருவாங்களாம்?"

"கேக்கலீங்க!"

உலகம்மாள் மணலில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நேராக நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெயில்ல உக்காராத!" என்று மேலிருந்து கத்தினார் பெருமாள். "தள்ளி நெழல்ல உக்காரு!"

அவள் காதில் வாங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.