பரண் பெட்டிக்குள் டெல்பர்ட்

துப்பாக்கி வெடித்தபோது டெல்பர்ட் க்ராவ்ஸின் விரல் ட்ரிகரில் இல்லை. அதன் அடிக்கட்டை ஜன்னல் விளிம்பில் லேசாக இடித்தது, அவ்வளவுதான். சேஃப்டி பூட்டும் போட்டுத்தான் இருந்தது. வலப்பக்கத்து மண்மேட்டில் புழுதி கிளம்பி அடங்கியது. அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் ஏறி உட்கார்ந்தது.

அவனுடைய மனைவியின் அண்ணன் ராய்ஸ், காட்டுப் பன்றிகளை வரவழைக்கச் சோளம் சிந்தும் பீப்பாய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்கப் போயிருந்தான். எண்பது அடி தூரம். மண்மேட்டுக்குச் சற்று இடப்பக்கம்.

"என்னடா, பன்னியா?" ராய்ஸ் பீப்பாய்க்குப் பின்னால் குப்புறக் கிடந்து கத்தினான்.

"எந்திரிக்காத மச்சான்! துப்பாக்கி தானா வெடிக்குது!"

டெல்பர்ட் இருந்தது, டெக்சாஸின் புதர்க்காட்டில் வேட்டைக்காக நாலு கால்களில் நிறுத்தியிருந்த பரண் பெட்டிக்குள். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. குழல் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே இழுத்தால் தன் தொடைக்கு நேராக வரும். கீழே வைக்கலாமென்றால், வைக்கிற அதிர்விலேயே வெடித்தாலும் வெடிக்கும். குழலை மண்மேட்டின் மேல் பிடித்தபடி டெல்பர்ட் மண்டியிட்டிருந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"அந்தப் பக்கமாவே தவழ்ந்து, என் பின்னால சுத்தி வா. முன்னால மட்டும் வந்துடாத!"

ராய்ஸுக்குப் போன வருடம்தான் இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. தவழ்ந்தான், நின்றான், திட்டினான், மறுபடி நகர்ந்தான். ஏழெட்டு நிமிடம் இருக்கும். டெல்பர்ட்டின் கைகள் மரத்தே போயின. அவன் கை தளர்ந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதையும் அவனால் நினைக்க முடியவில்லை.

கடைசியில் பெட்டிக்குப் பின்னால் கீழேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டேன். ஏறட்டுமா?"

"வேணாம்! பெட்டி ஆடும்."

"மார்லிஸ் மாட்டின ட்ரிகர் எப்படிடா இப்படிப் பண்ணும்? அந்தம்மா முப்பது வருஷமா துப்பாக்கி ரிப்பேர் பாக்குது."

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். "அவங்க மாட்டல. மூணு வாரம் ஆகும்னாங்க. நானே சமையல் மேசையில வச்சு மாட்டினேன்."

 அறுவடை இயந்திரத்தையே பிரித்து மாட்டுகிறவன் டெல்பர்ட். துப்பாக்கியோடு வந்த கம்பெனி ட்ரிகரைக் கழற்றிப் புதிதை வைப்பது ஒரு வேலையா என்று நினைத்திருந்தான். பழைய ட்ரிகர் கல்லை இழுப்பதுபோல் இருக்கிறது என்று ராய்ஸே கேலி செய்திருந்தான்.

"மாட்டிட்டு சோதிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் மச்சான். நல்லா சுட்டுது."

"சுடுதான்னு எவன்டா பாப்பான்? சுடக்கூடாதப்ப சுடாம இருக்கான்னு பாக்கணும்டா, கழுத!" ராய்ஸின் குரல் உடைந்தது. "சரி, விடு. குழல் மேட்டுப் பக்கம்தானே? முதல்ல தோட்டா இருக்குற மேகசினைக் கழட்டு. மெதுவா."

மேகசின் அவன் மடியில் விழுந்தது.

"இப்ப கைப்பிடியப் பின்னால இழு. பாதியில விட்டுடாத, முழுசா இழு."

மரத்த விரல்கள் இரண்டு முறை வழுக்கின. மூன்றாவது முறை தோட்டா வெளியே தெறித்துப் பலகைத் தரையில் உருண்டது. டெல்பர்ட் காலியான குழலறைக்குள் பார்த்தான்; விரலை விட்டும் தடவிப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ராய்ஸ் ஏறி வரவில்லை. லாரியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று மதியம் மார்லிஸ் தன் கடையில் காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். சேஃப்டி பூட்டைப் போட்டு ட்ரிகரை இழுத்தாள். பூட்டையும் மீறி உள்ளே டக்கென்று சுத்தியல் விழுந்தது. ஆண்கள் இருவரும் துள்ளினார்கள்.

"ட்ரிகரப் பிடிக்கிற ஆணி முழுசா உள்ள போகல. அதனால ட்ரிகர் பெட்டி தூக்கி நிக்குது, பூட்டு அதைத் தொடவே இல்ல, லேசா இடிச்சாலும் வெடிக்கும்," என்றாள் அவள். "மாட்ட கால் மணி நேரம் போதும். மாட்டினது சரியான்னு பாக்கத்தான் நேரம் வேணும். பழசையே போட்டுத் தரட்டுமா?"

"புதுசையே போடுங்க," என்றான் டெல்பர்ட். "நான் நின்னு பாக்குறேன்."

அன்று மாலை, காலணியைக்கூடக் கழற்றாமல், மனைவி வில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணனோடு வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணன் இந்தக் குளிர்காலம் வேட்டைக்கு வரலையாம்," என்றாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னான்."

டெல்பர்ட் தலையை ஆட்டினான். குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கினான்.