குஸ்கோவில் கேட்ட வெடி

சிவகாசிக்காரனை எந்தத் தேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் அவன் காது மட்டும் விமானம் ஏறாது. மணிகண்டராஜின் காதும் அப்படித்தான். வெம்பக்கோட்டை ரோட்டில் அவருடைய பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே அது உட்கார்ந்துவிட்டது. உடம்பு மட்டும் பெரு நாட்டு மலைநகரமான குஸ்கோவுக்கு வந்து, நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு, கல்சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டி வந்தவள் மனைவி பிரீத்தி. அவளுடைய அப்பா சிவகாசியில் அச்சகம் நடத்தியவர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே அச்சான ஒரு காலண்டரின் ஜூன் மாதத் தாளில் மச்சு பிச்சு இருந்தது. மேகத்துக்கு நடுவே மலையுச்சியில், கூரை போன கல்வீடுகள். மை சரியாகப் படியாமல் ஒதுக்கிப்போட்ட தாள் ஒன்றை எடுத்துவந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். கல்யாணமாகி வந்த வருஷமே, அங்கே ஒருதரம் போகவேண்டும் என்று கேட்டாள். "இந்த சீசன் முடியட்டும்" என்றார் அவர். பட்டாசுக்காரனுக்கு எந்த சீசன் முடிந்திருக்கிறது? தீபாவளி போனால் வடக்கே கல்யாண ஆர்டர், அது போனால் திருவிழா ஆர்டர். கடைசியில் சென்னையில் இருக்கும் மகள், மதுரையிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கூட்டத்தில் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் அப்பாவிடம் சொன்னாள்.

மே மாதக் கடைசி. ஊரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கிளம்புகிற அன்று, கம்பெனியில் மருந்து கலக்கும் பெத்தணன் கைகளைக் கழுவிக்கொண்டே வந்து நின்றான்.

"அங்கன வெயில் அடிக்குமா மொதலாளி?"

"குளிரும்லே. கம்பளி வேணுமாம்."

"அப்ப அந்தக் குளிர்ல கொஞ்சம் பார்சல் கட்டி அனுப்புங்க. நம்ம ரூம்புக்கு ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெத்தணனும் சிரித்தான். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் ஒன்றாகச் சேரும் அறை அவனுடையது. அந்த அறைக்கு மணிகண்டராஜ் ஒரு சட்டம் வைத்திருந்தார். கோடையில் பதினோரு மணிக்கு மேல் அங்கே யாரும் மருந்தில் கை வைக்கக்கூடாது. பூட்டிச் சாவியை அவர் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மருந்துக்குப் புத்தி மாறும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பயணத்துக்குக் கிளம்பும்போது சாவியை போர்மேன் சங்கிலிமுத்துவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. இவர் ஊர் சுற்றும் நேரத்தில் கம்பெனி பூட்டிக் கிடக்கும், இவர் படுக்கும் நேரத்தில் அங்கே வேலை தொடங்கும். அதனால் ராத்திரி முழுக்கப் புரண்டார், பகலில் வேனில் தூங்கி வழிந்தார். சாக்சாய்வாமன் கோட்டையில், யானை உயரக் கற்களை ஒரு கத்திமுனை நுழையாதபடி பொருத்தியிருப்பதை வழிகாட்டிப் பெண் நீல்டா ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் ஒரு கல்லில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினார். பிரீத்தி அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மச்சு பிச்சு. அதற்கு முந்தின ராத்திரி, சதுக்கத்துப் பக்கம் ஓர் உணவுக்கடையில் கூட்டமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சங்கிலிமுத்து போனில் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"மொதலாளி, இந்தூர் பார்ட்டி லாரிய அனுப்பிட்டாக. நாளைக்கழிச்சு லோடு ஏத்தணுமாம். காலையில மட்டும் மருந்து கலக்குனா பாதிகூடத் தேறாது. இன்னிக்கி மத்தியானமும் கலக்கட்டுமா? ஒங்க வார்த்தை ஒண்ணு வேணும்."

பரிமாறுகிறவன் மக்காச்சோள சூப்பை முன்னால் வைத்தான். நீல்டா ரயில் டிக்கெட்டுக்காகப் பாஸ்போர்ட் கேட்டு நின்றாள். இந்தூர் பார்ட்டி நழுவினால் திரும்ப வராது.

"சரி… பாத்து செய்யுங்கண்ணே" என்றார் மணிகண்டராஜ்.

முதலாளிமாருக்கென்றே செய்துவைத்த சொல் இது. செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. நல்லபடியாக முடிந்தால் சொன்னவருக்குப் பெயர். ஏதாவது ஆகிவிட்டால், பார்க்காமல் செய்தவன் தலையில் போய் விழும். அவருடைய அப்பாவும் இதைச் சொல்லித்தான் கம்பெனி நடத்தினார்.

"என்னவாம்?" என்றாள் பிரீத்தி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் சூப்புல சீனியப் போடுறீகளா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

சிவகாசி வட்டாரத்தில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாம்பிள் போட்டுப் பார்ப்பார்கள், கோவிலில் போடுவார்கள், அதெல்லாம் காதோடு போய்விடும். ஆனால் இன்னொரு சத்தம் உண்டு. அது காதுக்கு வருமுன்னே காலுக்கு வரும். அது வந்தால் சாப்பிடுகிறவர் எச்சில் கையோடு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார், எந்தத் திக்கில் புகை என்று. அடுத்து போன். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "எங்கன?" என்று ஒரே கேள்விதான். "நம்ம இல்ல" என்று பதில் வந்தால் போன மூச்சு திரும்பும். நம்முடையது இல்லையென்றால் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தெரிந்தும் அந்த மூச்சு நிம்மதியாகத்தான் வெளியே வரும். மணிகண்டராஜும் எத்தனையோ தடவை அப்படி மூச்சு விட்டவர்தான்.

அந்த ராத்திரி விடியும் நேரத்தில்தான் அவருக்குக் கண் அசந்தது. அசந்த கண்ணுக்குள் அந்தச் சத்தம் வந்தது. குஸ்கோவைச் சுற்றி நாலு பக்கமும் மலை. வாங்கின சத்தத்தைப் பெரிசாக்கித் திருப்பிக் கொடுக்கும். கட்டில் அதிர்ந்தது. எந்த ஊர், எந்த நாடு என்ற நினைப்பெல்லாம் இல்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓட்டல் முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்தார். சிவப்பு ஓட்டுக்கூரைகளுக்கு மேலே உருண்டையாக வெள்ளைப் புகை. கைகள் தானாகப் போனை எடுத்தன. சங்கிலிமுத்துவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலைக்குப் போகும்போது எல்லாரும் போனை அணைத்து வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று கம்பெனிச் சுவரில் பெரிசாக எழுதி வைத்திருந்தது அவர் எண். அது இப்போது அவர் கையில், குஸ்கோவில் இருந்தது.

வேனோடு வந்த நீல்டா அவர் கோலத்தைப் பார்த்துவிட்டு, திருவிழா மாதம் என்றாள். விடியற்காலையில் வாணம் விட்டுத்தான் சாமியை எழுப்புவோம், பயப்பட வேண்டாம் என்றாள். மதுரைக் கூட்டம் முற்றத்துக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்தது. பட்டாசு செய்கிறவரே பட்டாசுக்குப் பயந்து ஓடியது அவர்களுக்கு ஊர் போய்ச் சேரும்வரை சிரிக்கப் போதும்.

மணிகண்டராஜ் சிரிக்கவில்லை. சத்தம் சாமிக்குப் போட்டது, சரி. ஆனால் இங்கே விடிகிறது என்றால் அங்கே மத்தியானம் மூன்றரை. இந்த நிமிஷம் பெத்தணன் அந்த அறைக்குள் இருக்கிறான். தான் சொன்னதால் இருக்கிறான்.

வேன் கிளம்பியது. சின்செரோ மேட்டுநிலத்தில் ஏறியதும் போனில் சிக்னல் செத்துப்போனது. செம்மண் வயல்கள், உருளைக்கிழங்கு குவித்த களங்கள், தொப்பி வைத்த பெண்கள் ஓட்டிப்போகும் ஆடுகள், அதற்கெல்லாம் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு வெள்ளைமலை. கூட்டம் 'ஆ' என்றது. அவர் போனை ஜன்னலில் வைத்துப் பார்த்தார், கூரைப்பக்கம் தூக்கிப் பார்த்தார், அணைத்து மறுபடி போட்டார்.

"அந்தச் சனியன வச்சிட்டு மலையப் பாருங்க" என்றாள் பிரீத்தி. "நான் இதப் பாக்கணும்னு எத்தன வருசமாக் கெடந்தேன் தெரியுமா? பக்கத்துல ஒக்காந்து நொய்யு நொய்யுன்னு…"

"மத்தியானம் மருந்து கலக்கச் சொல்லிட்டேன்."

அவள் திரும்பினாள்.

"சொல்லல. பாத்து செய்யுங்கன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான? பெத்தணனா உள்ள இருக்கான்?"

"அவன்தான்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை ஒங்க வாயில வரலையாக்கும்?"

அதற்குப் பிறகு அவளும் மலையைப் பார்க்கவில்லை. அவருக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. ஆசையாசையாக வந்தவளின் வெள்ளைமலைமேலும் அவர் தன் மருந்தைக் கொட்டிவிட்டார். வேன் வளைந்து வளைந்து இறங்கியது. பெத்தணன் கைகழுவியபடி சிரிக்கிற முகம் ஒவ்வொரு வளைவிலும் வந்தது. பக்கத்துக் கம்பெனி ஒன்றில் முன்பு வெடித்தபோது பார்த்ததெல்லாம் அந்த முகத்தின்மேல் ஏறியது. அவர் கண்ணை மூடவே பயந்தார்.

ஒயாந்தைதம்போ ஊருக்குள் நுழையும் முன் நீல்டா வேனை நிறுத்தினாள். எதிர்மலையில் வெட்டிய கற்களை ஆற்றைக் கடத்தி இழுத்துவந்து கோட்டை கட்டியிருக்கிறார்கள். சில கற்கள் வந்துசேரவில்லை, வழியிலேயே கிடக்கின்றன. களைத்துப்போன கற்கள் என்று அவற்றுக்குப் பெயராம். வேன் நீளத்துக்கு ஒரு கல் ரோட்டோரம் புல்லுக்கு நடுவே கிடந்தது. சில நூறு வருஷமாக அப்படியே கிடக்கிறது. யாரும் வந்து ஏன் லோடு வரவில்லை என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அப்போது அவர் கையில் போன் துடித்தது. சிக்னல்.

ஊரில் வேலை முடிந்து பெட்டியிலிருந்து போனை எடுக்கிற நேரம். சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். கல்லைச் சுற்றி நடந்தார், நின்றார், நடந்தார். மூன்றாம் முறை சங்கிலிமுத்துவின் குரல் வந்தது.

"எங்கன?" என்று கத்தினார் மணிகண்டராஜ்.

"எங்கனன்னா? இங்கன ஒண்ணுமில்லையே மொதலாளி. இப்பத்தான் ரூம்பப் பூட்டுனோம். முக்கால் லோடு தேறிட்டு. பெத்தணன் இந்தா நிக்கான், குளிர்ப் பார்சல் எப்ப வருதுன்னு கேக்கச் சொல்லுதான்."

மணிகண்டராஜ் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் ஒரு மூச்சில் இறங்கியது.

"நாளைக்கும் மத்தியானம் ஓட்டுனா முழு லோடும் போயிரும் மொதலாளி. ஓட்டட்டுமா?"

மனுஷ மனசைப் பாருங்கள். மூச்சு முழுசாக வெளியே வந்துகூடச் சேரவில்லை, அதற்குள் அந்தப் பழைய சொல் நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே, முக்கால் முடிந்துவிட்டதே, இன்னும் கால்தானே. "பாத்து…" என்று வாயைத் திறந்தார்.

இந்த ஊரிலும் திருவிழாதான். உள்ளே ஒரு வாணம் விட்டார்கள். மலை அதை வாங்கி அடித்தது. போன் வழியாக அது வெம்பக்கோட்டை ரோட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

"ஏ ஆத்தா!" சங்கிலிமுத்து அலறினார். "எங்கன மொதலாளி? எங்கன?" அவர் போட்ட சத்தத்தில் பின்னால் பெண்கள் கூவுவதும், யாரோ ஓடுவதும், தகரக் கதவு அடிபடுவதும் கேட்டன.

"நம்ம இல்லண்ணே. நம்ம இல்ல. இங்கன சாமிக்கு வாணம் விடுறாக. ஒண்ணுமில்ல."

மறுமுனையில் மூச்சு இரைந்தது. சங்கிலிமுத்து அறுபதைத் தொடப்போகிறவர். அப்படி அவர் இரைத்து மணிகண்டராஜ் கேட்டதில்லை.

"மன்னிச்சிக்கோங்க மொதலாளி" என்றார் அவர், குரல் இறங்கி. "மத்தியானம் பூரா இப்பிடித்தான் கெடந்துச்சு எனக்கு. நான் ஆபீசுக்குப் போகல. மரத்தடிக்கும் போகல. ரூம்பு வாசல்லயே நின்னுக்கிட்டேன்."

"வாசல்லயா? அங்கன ஏன் நின்னீக?"

"உள்ள அவன அனுப்பிட்டு நான் மட்டும் தள்ளி நிக்க மனசு வரல. ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னு நின்னேன்."

மணிகண்டராஜ் கல்லை விட்டு எழுந்தார். நேற்று சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொன்ன சொல்லுக்கு, ஒரு மனுஷன் மத்தியானம் முழுக்க வெயிலில் சாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, 'நம்ம இல்ல' என்று விட்ட மூச்சுக்காக வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வேண்டாம்ணே" என்றார்.

"லாரி நிக்குதே மொதலாளி. பார்ட்டி வேற கம்பெனிக்குப் போயிருவான்."

"போகட்டும். லோடு பாதியில கெடந்தாக் கெடக்கட்டும். பதினோரு மணிக்குப் பூட்டுங்க. சாவி இனிமே ஒங்ககிட்டயே இருக்கட்டும், என் மேசைக்கு வரவேண்டாம். என்கிட்டக் கேக்கவும் வேண்டாம்."

"சரி மொதலாளி."

"அண்ணே, இன்னொண்ணு." அவர் நிறுத்தினார். நீல்டா ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கை காட்டினாள். "பார்ட்டி என்னையப் புடிப்பான். நான் திரும்ப ஒங்களுக்குப் போன் பண்ணுவேன். நானே தொறக்கச் சொன்னாலும் தொறக்காதீக. திட்டுனாலும் தொறக்காதீக."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பிரீத்தி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்பிடிச் சொல்லுவீகளா?"

அவர் பொய் சொல்லவில்லை. "சொல்லுவேன்" என்றார். "ஊரு போறதுக்குள்ளயே சொல்லுவேன்."

அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். அவள் அதை அணைத்துக் கைப்பையின் அடியில், கம்பளிக்குக் கீழே போட்டு ஜிப்பை இழுத்தாள். இருவரும் ரயிலை நோக்கி வேகமாக நடந்தார்கள். பின்னால் இன்னொரு வாணம் வெடித்தது. சாமிக்குத்தான் என்று தெரிந்தும் அவர் நின்று, வானத்தில் புகை எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிரீத்தியும் நின்று பார்த்தாள்.