கேப்டனின் ஓய்வு நேரம்

லாரிக் கம்பெனி கேன்டீனில் கேப்டன் வாயைத் திறந்தால் சுற்றி இருப்பவர்களின் டீ ஆறிப்போகும். வண்டி ஓட்டுவது கையால் அல்ல, நெஞ்சால் என்பார். மலைப்பாதை தன் குரலுக்கு அடங்கும் என்பார். கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திராத மனிதருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். அவரே வைத்துக்கொண்டதுதான் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த மனைவியும் அதே கம்பெனியில் டிரைவர். டிப்போவுக்கும் கடைகளுக்குமாக ஊருக்குள்ளேயே வண்டி ஓட்டிச் சலித்துப்போனவள். தூரத்து ஓட்டம் வேண்டும் என்று நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அட்டவணை போடும் சாரை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். மலைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலைக்குக் கண்ணாடித் தகடுகள் கொண்டுபோகும் ஓட்டம். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

"புருஷனும் பொண்டாட்டியுமா ஒரு தடவை போய்ப் பாருங்க. சாயங்காலம் கேட் மூடுறதுக்குள்ள சரக்கு உள்ள போயிட்டா, அந்த ஓட்டம் இனி உங்க ரெண்டு பேருக்கும்தான். இல்லன்னா கேப்டன் தன் பழைய ஜோடியோட போகட்டும். நீங்க கடைக்கே போங்கம்மா" என்றார் சார்.

கேப்டன் உடனே போர்த் திட்டம் வகுத்தார். "சமவெளி உனக்கு. மலை எனக்கு. சரக்கு இறக்குற இடத்துல ரிவர்ஸ் எடுக்கிறதும் எனக்கு."

"அப்புறம் எனக்கு என்ன மிச்சம், ஹாரனா?" என்றாள்.

வண்டியின் முகப்பில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஓட்டுகிறவர் தன் கார்டை அதில் செருக வேண்டும். யார் எவ்வளவு நேரம் ஓட்டினார், யார் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்று அது கணக்கு வைக்கும். ஓட்டும் நேரம் தீர்ந்தவர் ஓய்வை முடிக்காமல் கார்டைச் செருகினால் ஏற்காது. ஓய்வென்றால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் எட்டு மணி நேரம் ஒரே மூச்சாகக் கிடக்க வேண்டும். நடுவில் எழுந்து வந்து முன் சீட்டில் பெல்ட்டை மாட்டினால், அதுவரை சேர்ந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பெட்டி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும்.

விடியும்வரை கேப்டன் ஓட்டினார். வெளிச்சம் வந்ததும் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் படுக்கையில் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். திரை விலகியது.

"டயர்ல ஒரு சத்தம் கேட்குதே?"

"ரோட்டோட சத்தம்ங்க."

அது அனுபவசாலிக்குத்தான் புரியும் என்று சொல்லி, முன் சீட்டுக்கு வந்து பெல்ட்டை மாட்டினார். சத்தம் ரோட்டுடையதுதான் என்று உறுதியானதும் கௌரவமாகப் பின்னால் போனார். அப்புறம் அவள் ஒரு பஸ்ஸை முந்தியபோது மறுபடி வந்தார். இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்தி அழுத்திக் கால்மிதியைத் தேய்த்தார்.

"என்னங்க, தயவுசெஞ்சு போய்ப் படுங்க. பெல்ட் போட்டா உங்க ஓய்வு கணக்குல நிக்காது."

"பெல்ட் போடாம உட்காரச் சொல்றியா? பாதுகாப்பு வாரத்துல மேடையேறிப் பேசினவன்டி நான்!"

"உட்காரவே வேண்டாம்னு சொல்றேன்."

"எனக்கே விதி சொல்லித்தர்றியா? அந்தப் பெட்டி கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்தவன் நான்."

அவள் கண்ணைச் சாலைக்குத் திருப்பினாள். சாலை நேராக இருந்தது. வண்டி சீராகப் போனது.

மலையடிவாரத்தில் டீசல் போட நிறுத்தினார்கள். கேப்டன் இறங்கி முகம் கழுவி, மீசையைச் சீவி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குதிரையில் ஏறுவதுபோல் டிரைவர் சீட்டில் ஏறினார். கார்டைச் செருகினார். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துச் செருகினார். சிவப்பு. வாயால் ஊதிச் செருகினார். பெட்டி மரியாதை தெரியாத பெட்டி.

போன் அடித்தது. அட்டவணை சார்தான்.

"கேப்டன், நீங்க இன்னும் ஓய்வே எடுக்கலைன்னு காட்டுதே? அம்மாவுக்கு நேரம் பாக்கி இருக்கு, அவங்க ஓட்டட்டும். இல்லன்னா அங்கேயே படுத்துத் தூங்கிட்டு மெதுவா வாங்க. கேட் மட்டும் உங்களுக்காகத் திறந்திருக்காது."

போனை வைத்ததும் கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "உன் கார்டைப் போடு. நான் ஓட்டுறேன். பெட்டிக்கு என்ன கண்ணா இருக்கு?"

"அந்தக் கார்டுல இருக்கிறது என் மூஞ்சி. தூக்கமில்லாத கண்ணோட நீங்க வளைவுல விட்டீங்கன்னா, கண்ணாடித் தகட்டுக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்லணும். இறங்குங்க."

"மலைடி அது!"

"தெரியும். ரோடு போட்டுத்தான் வச்சிருக்காங்க."

அவர் இறங்கினார். பின்னால் ஏறினார். திரை விழுந்த வேகத்தில் மனவருத்தம் தெரிந்தது.

அவள் ஏற்றத்தில் அவசரப்படவில்லை. தகடுகள் சட்டத்தில் நின்றவாக்கில் கட்டப்பட்டிருந்தன. சாய்ந்தால் அவை பேசும், அதனால் ஒவ்வொரு வளைவிலும் காதைப் பின்னால் வைத்திருந்தாள். உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்தாள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. பிரேக்குக்கு வேலை குறைவு. கைகளுக்குப் பழகிய வேலைதான் இது, இடம்தான் உயரம் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் கொண்டைஊசி வளைவில் திரை அசைந்தது. "கியரைக் குறை! கியரை..."

"குறைச்சாச்சு. பேசாதீங்க. பேசினா அதுவும் பெட்டிக்குக் கேட்கும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடும்."

பெட்டிக்குக் காது கிடையாது. ஆனால் கேப்டன் அதன் விதிகளைப் பற்றி மேடையில் பேசியவரே தவிர, படித்தவர் அல்ல. வாய் சட்டென்று மூடிக்கொண்டது. அவர் உடம்பை இத்தனை காலம் விழிக்கவைத்திருந்தது அந்த வாய்தான் போலிருக்கிறது. அது ஓய்ந்ததும் மற்றதெல்லாம் ஓய்ந்தது. அடுத்த வளைவுக்குள் குறட்டை வந்துவிட்டது.

கேட் மூடுமுன் வண்டி உள்ளே நுழைந்தது. சரக்கு இறக்கும் மேடைக்கு ரிவர்ஸ் எடுத்தபோது முதல் தடவை கோணம் தப்பியது. முன்னால் இழுத்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, மறுபடி விட்டாள். வண்டியின் பின்பக்கம் மேடை ரப்பரைத் தொட்டு நின்றது. மேடைக்காரர் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் எங்கம்மா? குறட்டைதான் கேட்குது."

"ஒரு டிரைவர் தூங்குறாரு. இன்னொரு டிரைவர் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கா. எங்க கையெழுத்துப் போடணும்?"

சாருக்குத் தகவல் போனது. "ஓட்டம் உங்களுக்குத்தாம்மா" என்றார். "ஆனா உங்க நேரம் முடிஞ்சுபோச்சு. திரும்பி வர்றப்போ கேப்டன்தான் ஓட்டணும், பார்த்துக்கோங்க."

முற்றத்தில் விளக்கு போட்டபிறகும் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள்; முடிப்பதற்குள் இரவு வெகுநேரமாகி, கேப்டன் படுத்து எட்டு மணி நேரமும் தாண்டிவிட்டது. வண்டி காலியான பிறகுதான் திரை விலகியது. கன்னத்தில் தலையணைத் தடத்தோடு கேப்டன் வெளியே பார்த்தார். மேடையைப் பார்த்தார். காலிச் சட்டத்தைப் பார்த்தார்.

"ரிவர்ஸ் பரவாயில்ல" என்றார். "முழுக்கப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஒரு பொட்டுத் தூங்கல."

"அடடா. தூங்கலையா? அப்போ உங்களால ஓட்ட முடியாதே. இங்கேயே நிறுத்திட்டு, மறுபடி எட்டு மணி நேரம் படுங்க."

கேப்டன் கன்னத்துத் தடத்தைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் கண்ணசந்தேன்னு வச்சுக்கோ."

"கொஞ்சம்னா கணக்குல வராதுங்க."

மேடைக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேப்டன் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பல்லிடுக்கில் சொன்னார்: "நல்லாத் தூங்கினேன்டி. மலையேறினது, இறங்கினது எதுவும் தெரியல. போதுமா?"

"போதும்" என்று சீட்டை விட்டு எழுந்துகொண்டாள்.

அவர் கார்டைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையை எப்படி அணுக வேண்டும் என்று ஆரம்பித்தார். அதற்குள் அவள் படுக்கையில் ஏறித் திரையை இழுத்துவிட்டிருந்தாள்.