இஸ்திரி போட்ட வானம்

அந்த வளிமண்டல ஆய்வு நிலையத்தின் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் இஸ்திரி. எந்தப் பதிவு வந்தாலும் நிமிடத்துக்கு நிமிடம் சராசரி போட்டு, சுருக்கமே இல்லாமல் தேய்த்துத்தான் மேலிடத்துக்கு அனுப்புவார். ரிசீவர் அறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் தங்கச்சி என்பார்கள்; ரிசீவரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவளுடைய சொந்த அண்ணன்.

அவள் வேலையைப் புரிந்துகொள்வது எளிது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பம், நொடிக்குச் சரியாக ஐம்பது லட்சம் அதிர்வுள்ள ரேடியோ அலையை அனுப்பும். அது இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே, வெயிலில் மின்னேறிய மெல்லிய காற்றடுக்கான அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும். அடுக்கு அசையாமல் நின்றால் அலை போனபடியே வரும். அடுக்கு இறங்கினால், நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் சத்தம் போல, அதிர்வு ஒரு மயிரிழை கூடும், ஏறினால் குறையும். அந்த மயிரிழையைத் திரையில் கோடாக வரைவதுதான் ரிசீவர்.

ஒரு காலை அந்தக் கோடு நடுங்கியது. முப்பது நொடிக்கு ஒரு தரம் அரை அதிர்வு மேலே, அரை அதிர்வு கீழே.

இஸ்திரி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "உன் அண்ணன் சால்டரிங் வெச்ச லட்சணம்! இந்த மாசத்தோட அவனை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேறு பிழைப்பு கிடையாது. தங்கச்சி வளாகக் கோடியில் இருந்த காந்தமானிக் கொட்டகைக்கு ஓடினாள். இரும்பு ஆணிகூட இல்லாமல் கட்டியது. கொண்டை ஊசியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் நுழையலாம். பூமியின் காந்தப்புலம் அங்கே பதிவாகும். சூரியனிலிருந்து வீசும் துகள்காற்று மோதினால் அந்தப் புலம் சுண்டிவிட்ட கம்பி போலத் துடிக்கும். கூடவே அயனிமண்டலத்தையும் ஆட்டும். அதே காலை, அதே முப்பது நொடித் துடிப்பு. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டாள்.

இஸ்திரிக்குப் பார்த்ததுமே புரிந்தது, அதுதான் கொடுமை. ஒரு நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். சராசரி போட்டால் ஒன்றையொன்று தின்று நேர்க்கோடாகிவிடும். பல வருஷமாக அவர் வானத்தின் துடிப்பையே தேய்த்து அழித்திருக்கிறார்.

"இது வெளியே போகவேண்டாம்மா," என்றார் வழவழவென்று. "ரிசீவர்ல பழுது இருந்துச்சு, சரிபண்ணிட்டேன்னு உன் அண்ணன் ஒரு வரி எழுதித் தரட்டும். வேலை அவனுக்கே."

அந்தக் குரல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி காதில் ஒட்டியது. அண்ணன் எழுத மாட்டான் என்று நம்பினாள். அவனோ அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"செய்யாத தப்பை ஒத்துக்கிட்டியே, கூசலையா?"

"கூச்சப்பட்டா ஸ்கூல் ஃபீஸ் நீ கட்டுவியா? போடி."

அன்று அவன் பைக்கில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் கோடு மறுபடி நடுங்கியது. அண்ணன் எழுதிக்கொடுத்த கடிதம் சூரியனுக்குத் தெரியுமா என்ன! அவன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான்.

"பத்து மணிக்கு மேலிடத்துக் குழு பதிவைப் பார்க்க வருது. நடுங்கினா, நான்தான் ஒழுங்கா சரிபண்ணலைன்னு இஸ்திரி என்னைக் கைகாட்டிடுவாரு. கொஞ்சம் தேய்ச்சுக் குடுத்துடேன். ஒரு பட்டன்தானே?"

அவன் முகத்திலும் அதே வழவழப்பு. சீ என்றிருந்தது. தன் விரலும் ஒரு கணம் அந்தப் பட்டன் பக்கம் போனதுதான் அவளுக்கு அதைவிட அருவருப்பு.

விரலை இழுத்துக்கொண்டாள். தேய்க்காத பதிவை, கீழே காந்தமானிக் கோட்டோடு சேர்த்து, குழுவில் ஆளுக்கொன்றாகப் பிரதி எடுத்தாள்.

"உன் சால்டரிங்ல குறையில்லைன்னு இது சொல்லும். நீ எழுதினது பொய்னும் சொல்லும். பிரிச்சுத் தர முடியாது."

"அடிப்பாவி, உன் கூடப்பொறந்தவன்டி நான்!"

"அதனாலதான் தர்றேன். இல்லேன்னா உன் கடிதத்தை மட்டும்தான் பார்ப்பாங்க."

பிரதிகள் சூடாக வந்து விழுந்தன. அண்ணன் தொடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தாள்களை அவளே அள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள்.