ஒன்பது டிகிரி மெசின்

இனி வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாதா சொரூபத்துக்கு முன்னால் என்றாலும் சரி, பள்ளிவாசல் படியில் என்றாலும் சரி, எங்கே கூட்டிப்போய் நிறுத்தினாலும் சத்தியம் பண்ணலாம். போன வைகாசி மாதத்து முதல் சனிக்கிழமை, தலைமன்னார் துறையடியில், பஸ்தியாம்பிள்ளை வீட்டில் நடந்தது இது.

தாவூது பஸ்ஸால் இறங்கும்போது காலை பதினொரு மணி. மன்னார் பட்டினத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற அவருக்கு அந்த ஒரு கிழமைக்குள் இது ஒன்பதாவது மெசின். வழி நெடுக நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் இரண்டும் யாரோ இரவல் தந்தவை போல இருந்தன.

"களைச்சுப்போனியள் நானா. இருங்கோ," என்று பஸ்தியாம்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கம் நானா என்பார்கள். ஓட்டை விழுந்த பைபர் படகுகளை ஒட்டிக் கொடுப்பது அவருடைய தொழில்.

"இருந்தால் பிறகு எழும்ப மாட்டன் அண்ணை. மெசினைக் காட்டுங்கோ."

மெசின் மகள் ஜூலியட்டினது. பின்னேரம் மூன்று மணிக்கு அவளுக்கு இணையத்தில் ஒரு சோதனை இருந்தது. தேறினால் வெளிநாட்டில் முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை. பதிவு செய்த மெசினிலேயே எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலம். போன முறை பதினோராவது நிமிடத்தில் மெசின் செத்துப்போனது. இன்னொரு முறை இடையில் நின்றால் அவளுடைய பெயரையே வெட்டிவிடுவார்கள்.

"சூடு ஏறித்தான் நிக்குது போல," என்றார் தாவூது.

"அதுதானே விளங்கேல்லை நானா. ஒன்பது டிகிரி எண்டு காட்டுது," என்றாள் ஜூலியட்.

வெளியில் முப்பத்தாறு. அந்த வீட்டில் எல்லோரும் திரையில் வந்த எண்ணைத்தான் நம்பினார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனம் மெசினுக்கு அருகில் தோளில் துவாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். மேசைக்குக் கீழே அவர் வைத்திருந்த பாரைமீன் மூன்றாம் நாளாகச் செவுள் சிவப்பு மாறாமல் கிடந்தது. முன்வாசல் வழியாகப் போகிற சனம் உள்ளே எட்டிப் பார்த்து, சோடாப் போத்தலை ஐந்து நிமிடம் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் குளிராக்கிக்கொண்டு போனது.

தாவூதுக்கு ஆச்சரியப்படவும் தெம்பில்லை. திரையில் எண் காட்டுகிற மென்பொருள் பொய் சொல்லலாம் என்று அதை நிறுத்தினார். மெசின் எழும்பும்போதே ஒரு பொத்தானை அமத்தி, மதர்போட்டின் சொந்த அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒன்பது. பக்கத்து மூடியைக் கழற்றினார். புரொசெசருக்கு மேலே விசிறி சும்மா நின்றது. அதற்குக் கீழிருந்த அலுமினியத்தில் குடிக்கத் தந்த பிளேன்டீயில் ஒரு துளியைச் சிந்திப் பார்த்தார். அது கொதித்து, ஆவியாகி, சீனியை மட்டும் வைத்துவிட்டுப் போனது.

"இது ஒன்பது இல்லை பிள்ளை. ஒன்பது எண்டு நம்பிக்கொண்டு விசிறி சுத்தாமல் கிடக்குது. சூடு உச்சத்துக்குப் போனவுடனே மெசின் தன்னைக் காப்பாத்த நிண்டுபோகுது."

அலுமினியத்தைக் கழற்றினார். புரொசெசரில் தடவுகிற சாந்து கருவாட்டுச் செதில் போலக் காய்ந்திருந்தது. வழித்துவிட்டு அரைப் பயறளவு புதிதாக வைத்தார். மூடினார். ஒன்பது. மதர்போட்டின் சின்ன மின்கலத்தைக் கழற்றித் திரும்பப் போட்டார். ஒன்பது. மணி ஒன்றரை. கடைசியில் கதிரையில் இருந்தேவிட்டார்.

இருந்தபோதுதான் அந்த மணம் வந்தது. சூடான மதர்போட்டிலிருந்து, படகு ஒட்டுகிற கொட்டிலில் வருகிற மணம்.

"அண்ணை, இதுக்குள்ள என்ன பூசினனீங்கள்?"

பஸ்தியாம்பிள்ளை மேலே கூரையைப் பார்த்தார். "றெசின்."

"படகுக்குப் பூசுற றெசினோ?"

"ஓம். உப்புக்காத்து தின்னாமல் இருக்கட்டும் எண்டு ரெண்டு கோட். காய்ஞ்ச பிறகு சாண்ட்பேப்பரும் போட்டனான். வடிவாய் வந்தது."

"மெசின் என்ன, கடலுக்கே போகுது?"

"போனாலும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது நானா."

"அப்பா," என்றாள் ஜூலியட். பஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

விசிறிக்குச் சூட்டைச் சொல்கிற மிளகளவு சென்சர் மதர்போட்டில் இருந்தது. அதற்கு மேல்தான் றெசின் மற்ற எல்லா இடத்தையும் விடத் தடிப்பாய்ப் படிந்திருந்தது. உலகமே எரிந்தாலும் அதற்குத் தெரியாது. சுரண்டினால் சென்சரும் சேர்ந்து வரும். தாவூது மறுபடி அமைப்புப் பக்கத்துக்குப் போய், விசிறி இனி அந்த மிளகைக் கேட்கத் தேவையில்லை, புரொசெசருக்கு உள்ளேயே இருக்கிற சென்சரைக் கேட்டால் போதும் என்று மாற்றி வைத்தார்.

திரையில் தொண்ணூற்று நான்கு என்று வந்தது.

வந்த அந்த நொடியே வீட்டுக்குள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. சந்தனம் துவாயை எறிந்தார். பாரைமீன் ஒரு நிமிடத்துக்குள் நாறியது.

"நல்லாய்க் கிடந்த மெசினைப் பழுதாக்கிப்போட்டியள் நானா," என்று சொல்லி, மீனைத் தூக்கிக்கொண்டு சந்தனம் போய்விட்டார்.

விசிறி சுற்றத் தொடங்கியது. ஆனால் அதன் இதழ்களிலும் றெசின். கிழவன் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்துச் சுற்றியது. எண் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

"ரெண்டு மணித்தியாலம் தாங்குமே?" என்று ஜூலியட் கேட்டாள்.

தாவூது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பனையோலை விசிறி இருக்கே வீட்டில?" என்றார்.

சோதனை நேரத்தில் அறைக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது; கமெரா பார்த்துக்கொண்டிருக்கும், சத்தமும் கேட்கும். ஆகவே மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேரும் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்கள். மேசைக்காலோடு மூடி திறந்து நின்ற மெசின் பெட்டிக்குப் பஸ்தியாம்பிள்ளை விசிறினார். கை ஓய்ந்தபோது தாவூது விசிறினார். பேச முடியாது. சூடு ஏறினால் ஜூலியட் காலால் தட்டுவாள். ஒரு தட்டு எண்பது, இரண்டு தட்டு தொண்ணூறு. நாற்பதாவது நிமிடம் இரண்டு தட்டு விழுந்தது. பஸ்தியாம்பிள்ளை எழுப்பிய காற்றில் மெசின் மேசைக்காலை விட்டு யன்னல் பக்கமாக நகரத் தொடங்க, தாவூது அதைப் பாதத்தால் அணைத்துப் பிடித்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் தாவூதுக்கு விசிறுவது கையா விசிறியா என்பது மறந்துபோனது. பஸ்தியாம்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே விசிறினார். வாய் மட்டும் செபமாலை சொன்னது, சத்தமில்லாமல். ஒரு தடவை அவருக்குத் தும்மல் வந்தது. அதை அவர் விழுங்கிய விதத்தில் காது இரண்டும் சிவந்தன.

ஐந்து மணிக்கு ஜூலியட் கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

"முடிஞ்சுது," என்றாள்.

ஒருவரும் எழும்பவில்லை. மேசைக்குக் கீழிருந்தே தாவூது கேட்டார்: "பாஸோ பிள்ளை?"

"எண்பத்தொரு மார்க்ஸ். பாஸ்."

பஸ்தியாம்பிள்ளை விசிறியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நானா, பஸ் போயிருக்கும். சாப்பிட்டுட்டுப் படுங்கோ."

"படுத்துத்தானே கிடக்கிறன்," என்றார் தாவூது.

அந்தச் சனிக்கிழமை, லைன் வேலைக்காக, தலைமன்னாரில் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை கரண்ட் இல்லை.