நாலு சொல்லாத எண்ணிக்கை

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. கேட்டவர் என் தங்கையின் கணவர். அவள் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் ஒலிப்பதிவு அறையின் வாசலில், உள்ளே வராமலேயே நின்று கேட்டார்: "மச்சான், அவ பேசினது ஏதாவது உங்ககிட்ட இருக்குமா?"

அவள் கிதார் வாசித்தது இருந்தது. ஆறு பாட்டு, ஒரு பிசிறு இல்லாமல். அவர் கேட்டது அதை அல்ல.

முதல் வரைவை 'நான்' என்று எழுதினேன். அதில் நான் மிகவும் நல்லவனாக இருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு 'அண்ணன்' என்று மாற்றியிருக்கிறேன். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இனி அந்த ஆள் செய்வதற்கெல்லாம் அவனே பொறுப்பு. தெரிந்தவன் என்பதற்காகச் சலுகை கிடையாது. [அடைப்புக்குறிக்குள் மட்டும் நான் வந்து போவேன்.] அவளைப் பொடிசு என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தெட்டு வயதுக்காரியை அப்படிக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான்.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பொடிசு தன் கிதாரை எடுத்து

[மழை பெய்யவில்லை. பெய்திருந்தால் அண்ணன் பதிவையே தள்ளிப் போட்டிருப்பான். சன்னல் தகரத்தில் சத்தம் கேட்கும்.]

இசை என்பது மௌனத்தின் மீது

[வேண்டாம். அவள் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.]

சரி, இப்படி: பகல் பதினொரு மணி. அறையில் மின்விசிறியை நிறுத்தியாயிற்று. அடுத்த அறையில் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. நாற்காலி முனகுகிறது என்று மூன்று நாற்காலி மாற்றி, கடைசியில் பொடிசு ஒரு மர முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணன். அவளிடம் பேச ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

"பொடிசு, மூணாவது வரியில ஒரு கீச்சு வந்துச்சு. இன்னொரு தடவை."

"கம்பியில விரல் நகர்ந்தா கீச்சுனு வராம குயில் மாதிரியா கூவும்?"

"மெதுவா நகர்த்து."

"விசிறியப் போடுண்ணா. வேர்வையில கை வழுக்குது."

"சத்தம் வரும்."

"அப்ப மூச்சையும் நிறுத்திடவா?"

"முடிஞ்சா நல்லதுதான்."

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி விட்டுக்கொண்டாள். இரண்டு காதிலும் கிளிக்* ஓடிக்கொண்டிருந்தால் வாசிக்க முடியாதாம், யாரோ பக்கத்தில் நின்று கடிகாரம் காட்டுவது போல இருக்கிறதாம்.

"கேக்கறவங்களுக்கு நீ வாசிக்கறது மட்டும்தான் தெரியணும்," என்றான் அண்ணன். "நீ அங்க உக்காந்திருக்கறது தெரியக் கூடாது."

"அப்ப யாரு வாசிக்கறா, பேயா?"

[இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். நடந்ததற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. யாரும் நான் எழுதிச் சேர்த்தது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய.]

* தாளம் பிசகாமலிருக்க வாசிப்பவரின் காதில் மட்டும் கேட்கும் 'டக் டக்'. பொடிசு இயல்பாக வாசித்தால் பாட்டின் பின்பாதி கொஞ்சம் வேகமெடுக்கும், வீடு நெருங்கியதும் நடை வேகமாவது போல. அண்ணன் அதைத் தப்பு என்பான்.

3

பொடிசுவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வாசிக்குமுன் அவளே எண்ணுவாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." நாலு சொல்ல மாட்டாள். ஆறாவது பாட்டு தாளத்தின் நாலாவது தட்டில்தான் தொடங்கும். "நாலு சொல்ற நேரத்துல வாசிச்சிடலாமே" என்பது அவள் கணக்கு.

முடித்ததும் இன்னொரு வழக்கம். கடைசி ஒலி அடங்குவதற்குள், "இதையே வச்சுக்கண்ணா, பசிக்குது."

அண்ணனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆறாவது பாட்டை அவள் நாற்பத்தொரு தடவை வாசித்தாள். பதினேழாவதிலிருந்து முதல் வரி, இருபத்தொன்பதிலிருந்து இரண்டாவது, கடைசிக்கு முந்தையதிலிருந்து முடிவு என்று எடுத்து ஒட்டினான். ஒட்டுப் போட்ட இடம் அவனுக்கே தெரியாது. கீச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான், மூச்சை எடுத்தான், முன்னால் இருந்த எண்ணிக்கையை வெட்டினான், பின்னால் இருந்த பசியை வெட்டினான். பிறகு மிச்சம் முழுவதையும் அழித்தான். துண்டு துணுக்கை வைத்திருந்தால் மறுபடி கை வைக்கத் தோன்றும், வேலை முடியாது என்பது அவன் கட்சி. ஆறு பாட்டுக்கும் அப்படித்தான்.

அவன் தொழிலில் அதற்குச் சுத்தம் என்று பெயர்.

4

[இந்தப் பகுதியைப் பதினொரு முறை எழுதினேன். ஒரு வியாழக்கிழமை, அவளுக்குத் தலைவலி, மருத்துவமனை, இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நன்றாக வந்தது. பதினொன்றாவது மிக நன்றாக வந்தது. அதனால் எடுத்துவிட்டேன்.]

5

மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டாரில்லையா, அன்று அண்ணன் முதலில் சுத்தமான ஆறாவது பாட்டைத்தான் போட்டுக் காட்டினான். வேறென்ன இருக்கிறது காட்ட. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கு மச்சான். இது அவ வாசிச்சதுதானா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவர் கேட்டுப் பழகிய பொடிசு சமையலறையில் குக்கர் கத்தும்போது வாசிக்கிறவள்.

அவர் போன பிறகு அண்ணன் தேடினான். அழித்ததை மீட்டுத் தரும் ஆளிடம் கொண்டுபோனான். "மேல மேல எழுதியாச்சு சார், வராது" என்றார் அவர். நான்காம் நாள், பழைய மடிக்கணினியில், 'அளவு பார்க்க' என்று பெயரிட்ட ஒரு பதிவு அகப்பட்டது. உண்மைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, மைக்கை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்காக ஓடவிட்டது. அது ஒரு டேக், அதாவது எண்ணிக்கையில் வரும் ஒரு தடவை, என்றே அண்ணன் கணக்கில் சேரவில்லை. சேராததால் பிழைத்தது.

அதில் அவள் எண்ணுகிறாள். கிளிக் இல்லை. அதே ஆறாவது பாட்டை முழுதாக வாசிக்கிறாள், பின்பாதி வேகமெடுக்கிறது. மூன்றாவது வரியில் ஒரு சுரம் தப்பாக விழுகிறது. சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறாள். முடித்ததும் பசிக்கிறது.

மாப்பிள்ளையை வரவழைத்து அதைப் போட்டான். இந்தத் தடவை அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்று முறை போடச் சொன்னார்.

"இதைத்தான் அனுப்பணும் மச்சான்." பாட்டுகளை வெளியிடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை கெடு வைத்திருந்தார்கள்.

"மூணாவது வரியில தப்பு இருக்கு மாப்பிள்ளை."

"இருக்கட்டுமே."

"நாலு பேரு கேப்பாங்க. அவ பேரு போட்டு வருது. தப்பா வாசிக்கறவன்னு ஆயிடும். இனிமே அவ வந்து திருப்பி வாசிக்கப் போறதில்ல."

"அந்த சுரத்தை மட்டும் மாத்த முடியாதா?"

"அது மேலதான் சிரிக்கறா. ஒரே மைக். சுரத்தை எடுத்தா சிரிப்பும் போயிடும்."

மாப்பிள்ளை விடவில்லை. "அவ இந்தப் பாட்டுல தப்பே பண்ண மாட்டாளே. தூக்கத்துல வாசிப்பா. ஏன் தப்பாச்சு?"

"தெரியல," என்றான் அண்ணன்.

6

[திருத்தம். அண்ணனுக்குத் தெரியும். எனக்கும்.

அளவு பார்த்த அன்று, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவன் அடுத்த அறையிலிருந்து வேகமாக வந்தான். தரையில் கிடந்த கேபிளில் கால் மாட்டி, அட்டைப் பெட்டிகள் மேல் விழுந்து, "ஐயோ" என்றான். இரண்டாவது வரிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கம்பி அதிர்ந்து அடங்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் விழுந்தான். சத்தம் வரக் கூடாது என்று விசிறியை நிறுத்துகிறவன், பெட்டியெல்லாம் சரிய விழுந்ததைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? விரல் வழுக்கியது அதனால்தான்.

மாப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டுமுன் அண்ணன் அந்த இடைவெளியைச் சுத்தம் செய்திருந்தான். மறைக்க வேண்டும் என்று நினைத்தானா? இல்லை. கை தானாகச் செய்தது. இரைச்சலைக் கண்டால் எடுப்பது அவன் வழக்கம். எடுத்ததும் என்ன ஆயிற்று பாருங்கள்: அவனுடைய தப்பு அழிந்தது, அவளுடைய தப்பு மட்டும் நின்றது. காரணமே இல்லாமல் ஒருத்தி தப்பாக வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

மூலப் பதிவை இந்த முறை அழிக்கவில்லை. அது ஒன்றுதான் அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல செய்தி.]

அடைப்புக்குறியை விட்டு வெளியே வந்தே சொல்கிறேன்: இந்தக் கதையின் ஐந்தாம் பகுதியிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. 'ஒரு சுரம் தப்பாக விழுகிறது' என்று, ஏதோ தானாக விழுந்தது போல எழுதினேன். போய்த் திருத்தியிருக்கலாம். விட்டுவைத்திருக்கிறேன்.

7

நாளை வெள்ளிக்கிழமை. மேசையில் மூன்று பதிவுகள். அதனால் கதைக்கும் மூன்று முடிவுகள்.

முதல் முடிவு: அண்ணன் சுத்தமானதை அனுப்புகிறான். கேட்கிறவர்கள் 'என்ன வாசிப்பு' என்கிறார்கள். மாப்பிள்ளை அதை வீட்டில் போடுவதே இல்லை.

இரண்டாவது: 'ஐயோ' நீக்கிய பதிவை அனுப்புகிறான். சிரிப்பு இருக்கிறது. தப்பும் அவள் பேரில் இருக்கிறது.

மூன்றாவது: உள்ளது உள்ளபடி. ஒரு கிதார் பாட்டின் நடுவே ஒரு தடிமனான ஆள் பெட்டிகள் மேல் விழுகிறான். முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன். கூடத் தொழில் செய்பவர்கள் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, ஸ்டூடியோவுல எலியா?" என்று கேட்பார்கள். இதை அனுப்புவதானால் இன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்கு அதைப் போட்டு, ஏன் தப்பானது என்று அவன் சொல்லிவிட வேண்டும். அதுதான் இந்த மூன்றிலும் கடினமானது.

மூன்றாவதுதான் சரி என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள். விழுந்தவர் நீங்கள் இல்லையே.

அவளே சொல்லியிருக்கிறாளே, "இதையே வச்சுக்கண்ணா" என்று? அதைச் சாட்சியாக எடுக்க முடியாது. எல்லா டேக்குக்கும் சொன்னாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மாப்பிள்ளை வந்துவிட்டார், செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. அண்ணன் விசிறியை நிறுத்த எழுந்து, நிறுத்தாமல் உட்கார்கிறான். அவன் கை எந்தப் பதிவின் மேல் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. மூன்றிலும் அதே பாட்டுதான். ஆனால் அவள் எண்ணித் தொடங்குகிற அந்த எண்ணிக்கையையாவது வெட்டாமல் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் வருவது உங்கள் பொறுப்பு.

ஒண்ணு.

ரெண்டு.

மூணு.