மௌனப் பள்ளத்தாக்கில் மாவு மில்காரர்கள்

எங்கள் வீடு மாவு மில்லுக்கு மேல்மாடி. காலையில் மோட்டார் ஓடத் தொடங்கினால் தரை அதிரும், தட்டு அதிரும், தட்டில் இருக்கும் சாப்பாடும் அதிரும். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் பேசினால்தான் அது பேச்சு. "உப்பு எடு" என்பதையும் "வீடு பத்திக்கிச்சு" என்பதையும் நாங்கள் ஒரே குரலில்தான் சொல்வோம். கொஞ்சிக்கொள்வதும் அதே குரலில்தான் என்பதால், எங்களுக்குக் கல்யாணமான புதிதில் மில்லில் வரிசையில் நின்றவர்களுக்கு நன்றாகப் பொழுது போயிற்று.

அதனால் மகள் இப்படி ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டேன்.

"பையன் தங்கமானவன்மா," என்றாள். "அவங்க அப்பாவுக்குத்தான் சத்தம் ஆகாது."

பையனும் அவளும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸ். அவன் அப்பா மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் விடுதி நடத்துகிறார். அமைதியைத் தேடி வருகிறவர்கள் தங்குகிற விடுதி. இரண்டு நாள் எல்லோருமாகச் சேர்ந்து தங்கிப் பார்ப்போம், ஒத்துப்போனால் கல்யாணத்தைப் பேசுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பரீட்சை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எழுத வேண்டியது என் மகள் இல்லை, நானும் என் வீட்டுக்காரரும்.

"நீங்க ரெண்டு பேரும் மெதுவா பேசினா போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். எனக்கு இவன் வேணும்மா," என்றாள் மகள்.

அவள் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து குரலைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். லீவுக்கு வந்தால் அவள் சொல்வதில் பாதி எங்களுக்குக் கேட்காது. மில்லில் செய்வதையே அவளிடமும் செய்வோம். மில்லில் எதிராளி பேசுவது காதில் விழாவிட்டால், "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். சிரித்துத் தலையை ஆட்டிவிடுவோம். பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது.

ஒரு வாரம் மெதுவாகப் பேசப் பழகினோம். வீட்டுக்காரர் கிசுகிசுக்கும்போது முகத்தைப் பார்த்தால் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் என் காதருகே குனிந்து, ரகசியமாக, "இப்ப எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு அண்ணே!" என்று கீழே மில்லிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

வேன் மலைப்பாதையில் ஏறி, காட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி நின்றது. டிரைவர் என்ஜினை நிறுத்தியதும் எனக்குக் காதே அடைத்துவிட்டதென்று பயந்துபோனேன். இரண்டு பக்கமும் மலை, மலையெல்லாம் மரம், நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கரையில் ஓடு போட்ட விடுதி. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இலை விழுந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் மனுஷி எப்படித் தும்முவது?

வாசலில் ஒரு பலகை: "இங்கே பேசாதிருப்பதே பேச்சு." அதற்குக் கீழே இன்னொன்று: "செருப்பை மெதுவாகக் கழற்றவும்."

சம்பந்தி வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு, தரைக்கு வலிக்குமோ என்று நடந்து வந்தார். இன்னும் சம்பந்தி ஆகவில்லை, என் வாயில்தான் அப்படி வந்துவிட்டது. இந்த மனிதர் முன்பு வண்டி ஹார்ன் வியாபாரி. பஸ்ஸுக்கு, லாரிக்கு, பின்னால் வந்து அடித்தால் நடந்துபோகிறவன் சாக்கடையில் குதிக்கிற மாதிரி ஹார்னெல்லாம் இவர் கடைச் சரக்குதான். ஒவ்வொன்றையும் கடைக்குள்ளேயே அடித்துக் காட்டி விற்பாராம். சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுவாராம். ஊருக்கெல்லாம் சத்தத்தை விற்றுத் தீர்த்துவிட்டு, அந்தக் காசில் இங்கே அமைதியை வாங்கிப்போட்டு, இப்போது அதை நாள் வாடகைக்கு விடுகிறார். பிழைக்கத் தெரிந்தவர்.

அவர் என்னிடம் ஏதோ கேட்டார். உதடு அசைந்தது தெரிந்தது. சிரித்துத் தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் நானும் வீட்டுக்காரரும் முழங்கால் வரை ஓடைத் தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தோம். மனசுக்கு நல்லதாம். எனக்குக் கால் விறைத்துப்போனதுதான் மிச்சம்.

அந்த விடுதிக்கே பெருமை சம்பந்தியம்மாதான். வராந்தாக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல களையான முகம். தங்க வந்தவர்கள் முறைவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். யார் என்ன சொன்னாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். சமையலறையில் அண்டா உருண்டபோது நாங்களெல்லாம் துள்ளி விழுந்தோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பக்குவம்," என்றார் சம்பந்தி. அப்போது அவர் என் காதுப்பக்கம் நின்றதால் கேட்டது. "இங்க வந்த பிறகு அவளுக்குப் பேச்சே தேவைப்படலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வார்த்தை எதுக்குங்க?"

பக்கத்தில் ஒரு வக்கீல் நின்றிருந்தார். மனசு சரியில்லையென்று வந்து தங்கியிருப்பவர். அவர் கண் கலங்கிச் சொன்னார்: "என் கஷ்டத்தையெல்லாம் அம்மாகிட்டக் கொட்டிட்டேன். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசலை. இப்படி ஒரு ஜட்ஜை எங்க கோர்ட்ல நான் பாத்ததே இல்லை."

எனக்கும் அந்த அம்மாளைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருந்தது. நானெல்லாம் இந்த ஜென்மத்தில் அப்படி உட்கார முடியாது.

மத்தியானச் சாப்பாட்டில்தான் வினை வந்தது. சம்பந்தியம்மாவுக்கு வராந்தாவிலேயே தட்டு போய்விட்டது. மற்றவர்கள் நீள மேஜையில், கரண்டி தட்டில் படாமல் சாப்பிட்டார்கள். மகள் கண்ணாலேயே எங்களைக் கட்டிப்போட்டிருந்தாள். வீட்டுக்காரர் பாவம், மெல்லவே பயந்து முழுங்கிக்கொண்டிருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பரிமாறுகிறவரிடம் முடிந்த மட்டும் மெதுவாக, "இன்னும் கொஞ்சம் போடுங்க," என்றேன்.

எதிரே ஒரு பெண்மணி கையிலிருந்த டம்ளரை விட்டுவிட்டார். சம்பந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஹார்ன் வியாபாரிக்கு என் குரல் தாங்கவில்லை! மகளின் முகத்தில் ஈயாடவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பையன் எங்களிடம் வந்தான். கையைப் பிசைந்துகொண்டு, "அப்பா கொஞ்சம் யோசிக்கிறார்... சாயந்தரம் சொல்றேன்னார்," என்றான். நல்ல பிள்ளை. அவன் கண்ணைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிட்டது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு தோட்டத்துக் கோடிக்குப் போனேன். எதிரே செங்குத்தாக மலை. ஒரு ஈ காக்கை இல்லை. அங்கே நின்று, ரகசியமாகத்தான், பேசிக்கொண்டோம்.

"இது வீடாங்க? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியிலகூட நர்ஸாவது திட்டுவாங்க!"

"ஹார்ன் வித்த மனுஷன் நம்ம தொண்டையக் குறை சொல்றாரு பாரேன்!"

"பையனுக்காகப் பொறுத்துக்கலாம்னு பாத்தா, இந்த மனுஷன் பெரிய இவராட்டம் யோசிக்கிறாராம். எனக்கு அந்த அம்மாவை நினைச்சாத்தாங்க பாவமா இருக்கு. அவங்களைப் பாத்து நாலு வார்த்தை வாய்விட்டுப் பேசினா இவர் குறைஞ்சா போயிடுவாரு? பொம்மை மாதிரி உக்கார வெச்சிருக்காரு!"

"வெச்சிருக்காரு... சிருக்காரு..." என்றது எதிர்மலை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பொம்மை வரைக்கும் மலை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் விடுதியே வராந்தாவில் நிற்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திருடர்கள் மாதிரி நடந்து வந்தோம். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். சின்ன வயசில் அவள் அழுதால் மோட்டாரையே தோற்கடிப்பாள். அதை நினைத்தபோது எனக்கு இன்னும் தாங்கவில்லை. என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன்.

சம்பந்தி முன்னால் வந்தார். சுற்றி ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாததால் அவர் கிசுகிசுத்தது எங்களுக்கே கேட்டது.

"நீங்க நல்லவங்கதான். ஆனா ரெண்டு குடும்பத்துக்கும் ஒத்து வராதுங்க. மன்னிச்சுக்கணும்."

"யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் மில் குரலுக்குக் கொஞ்சமும் சளைக்காத குரல். "என்னைப் பாவம்னு சொன்னது யாரு?"

சம்பந்தியம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

வக்கீல் இரண்டடி பின்வாங்கினார். "நான்தாங்க. தெரியாம பேசிட்டேன்!" என்றேன், என் சொந்தக் குரலில். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த அம்மாள் நேரே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேட்டுச்சுங்க. நீங்க சொன்னதும் கேட்டுச்சு, மலை சொன்னதும் கேட்டுச்சு. இந்த வீட்ல ஒருத்தர் பேசி நான் கேட்டு எத்தனை நாளாச்சு!"

"அம்மா, உனக்கு..." என்று பையன் மெதுவாக ஆரம்பித்தான். அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவனைச் சுட்டிக் காட்டினேன். அப்புறம்தான் பார்த்தார். பார்த்தவுடன், பழக்க தோஷம், சிரித்துத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எங்கள் மில் தலையாட்டல்! நாளெல்லாம் நான் ஆட்டுகிற அதே தலை. காலையிலிருந்து பார்த்தும் எனக்குப் புத்தியில் உறைக்கவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

"உங்களுக்குக் காது கேக்காதாங்க?" என்று கத்தினேன்.

"கடையில இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுச்சு. இங்க வந்ததும் சுத்தமா எதுவும் கேக்கலை. சரி, காது முழுசாப் போச்சுன்னு நினைச்சேன். அதுக்குள்ள இவர் வாசல்ல போர்டு வெச்சுட்டார். ஓ, எல்லாரும் பேச்சையே நிறுத்திட்டாங்க போலன்னு நானும் விட்டுட்டேன்."

வக்கீலின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்போ... அப்போ நான் சொன்னதெல்லாம்?" என்று அவரும் கத்தினார்.

"நீங்க தினமும் வந்து தாடையை ஆட்டிக்கிட்டு அழுவீங்க தம்பி. பல்லு வலின்னு நினைச்சேன். கிராம்பு தரச் சொல்லலாம்னுகூட இருந்தேன்."

வக்கீல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தியம்மா என் கையை விடவில்லை. என் மகளைப் பார்த்து, "உன் குரல் எப்படி? நீயும் உங்கம்மா மாதிரிப் பேசுவியா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து காற்றாகப் பேசிக்கொண்டிருந்த என் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "பேசுவேன் அத்தை!" என்றாள். அடேயப்பா! அடிவயிற்றிலிருந்து வந்த அசல் மில் குரல். மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. "அத்தை... அத்தை..." என்று மலையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டது.

"இவதான் இந்த வீட்டு மருமக," என்றார் சம்பந்தியம்மா. "யாராவது ஏதாவது யோசிக்கணும்னா தோட்டத்துல போய் யோசிங்க."

யோசித்துக்கொண்டிருந்தவர் பெட்டிப் பாம்பாக நின்றிருந்தார். மனைவியின் பக்கத்தில் போய், குனிந்து, உதட்டை அசைத்தார். அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டினார். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போய் அவர் தோளில் கை வைத்தார். "தொண்டையிலிருந்து பேசாதீங்க சம்பந்தி, வலிக்கும். வயித்திலிருந்து மூச்சை இழுங்க. அப்புறம் விடுங்க. தானா வரும்."

சம்பந்தி மூச்சை இழுத்தார். முதல் தடவை இருமல்தான் வந்தது. இரண்டாவது தடவை, கழுத்து நரம்பு புடைக்க, "சாப்பிட்டியா?" என்று கத்தினார்.

சம்பந்தியம்மா அப்போதுதான் என் கையை விட்டார்.

"இவ்வளவு வருஷமா பக்கத்துல வந்து குனிஞ்சு குனிஞ்சு இதைத்தான் கேட்டீங்களா?" என்றார். "அத்தனை ஹார்னை என் காதுகிட்ட அடிச்சதுக்கு வெறும் உதட்டாலயே மன்னிப்புக் கேக்கறீங்கன்னு நினைச்சேன். போனாப் போகட்டும், விடுங்கன்னு நானும் தினமும் தலையாட்டிக்கிட்டிருந்தேன்."

சம்பந்தி மனைவியின் காதருகே இன்னும் ஓரடி நெருங்கினார். இந்தத் தடவை குனியாமல், எங்களைக்கூடப் பார்க்காமல், வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.